ஓடிக்கொண்டிருப்பதைத் தொடலாமா?

சுவிட்ச் என்றதும் நம் நினைவுக்கு வருவது சுவரில் பொருத்திய மின்விசைதான். தட்டினால் விளக்கு எரியும்; மறுபடி தட்டினால் அணையும். கணினிகள் பல கூடி இயங்கும் அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் அதே பெயரில் வேறொரு கருவி இருக்கிறது. நீளமான தகரப் பெட்டி. முகப்பில் வரிசையாக 24 துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி. கம்பிக்கு மேலே கண் சிமிட்டும் ஒரு சிறு விளக்கு. பெரும்பாலும் அலமாரியின் உச்சியிலோ மாடிப்படியின் அடியிலோ தூசு படிந்து கிடக்கும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் மத்ரஸாவில் அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவை வந்தது. அப்போது, கலைப் பாடம் பயின்ற ஆசிரியனாகிய நான் அறிந்துகொண்டவை நம் குடும்பங்களுக்கும் பயன்படக் கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரரை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயர் சொல்லிக் கேட்பார். நான்கு நாளில் முகமும் வீடும் மனத்தில் பதிந்துவிடும். பிறகு கடிதம் நேரே உரியவர் கைக்குச் செல்லும். நெட்வொர்க் சுவிட்ச் செய்வதும் இதுவே. எந்தத் துளையில் எந்தக் கணினி இருக்கிறது என்பதைத் தானே கற்றுக்கொண்டு, ஒருவருக்கு வந்த செய்தியை அவருக்கு மட்டும் சேர்ப்பிக்கிறது. இதற்கு முன்னர் வழக்கில் இருந்த 'ஹப்' என்னும் கருவி, ஒருவருக்கு வந்த கடிதத்தை எல்லார் வாசலிலும் உரக்கப் படித்துவிட்டுப் போகும் தபால்காரரைப் போன்றது.

இக்கருவியின் பிறப்பில் நம் நாட்டுப் பெயர் ஒன்று கலந்திருக்கிறது. பல துளைகள் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டு வந்த நிறுவனத்தின் பெயர் 'கல்பனா'. அதை நிறுவிய இருவரில் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்திய வழியினர். தம் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு இட்டார். அந்த முதல் சுவிட்சில் துளைகள் ஏழே ஏழு. 1994ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை விலைக்கு வாங்கிக்கொண்டது.

பெட்டி அதே, மருந்து வேறு

சுவிட்சுக்குள்ளும் ஒரு சிறு கணினி இருக்கிறது. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்குக் கட்டளையிடும் நிரலை 'ஃபர்ம்வேர்' என்கிறார்கள். 1967ஆம் ஆண்டில் ஆஷர் ஒப்லர் என்பவர் உண்டாக்கிய சொல் அது. கையால் தொடக்கூடிய கருவிக்கும், நினைத்தபோது மாற்றக்கூடிய மென்பொருளுக்கும் நடுவில் நிற்பது என்பது பொருள். தமிழில் நிலைப்பொருள் என்று வழங்குகிறார்கள்.

விருதுநகர், சிவகாசிப் பக்கத்தாருக்கு இதை விளக்குவது எளிது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றிய தீர்ப்பை வழங்கியபோது, பேரியம் உப்புகளைப் பயன்படுத்தலாகாது என்று ஆணையிட்டது. மாசு குறைந்த 'பசுமைப் பட்டாசு' என்ற பேச்சு அதன் பின்னரே எங்கள் ஊர்ப் பக்கம் வலுத்தது. வெளித்தோற்றத்தில் மாற்றம் பெரிதாக இல்லை. குழாய் அதே, சுற்றிய காகிதம் அதே, மேலே ஒட்டிய வண்ணப் படமும் அதே. உள்ளே இடும் மருந்தின் கலவைதான் மாற வேண்டியிருந்தது. சுவிட்சின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதும் இப்படிப்பட்டதே. பெட்டியும் கம்பியும் அப்படியே இருக்க, உள்ளிருக்கும் கட்டளை நிரலை நீக்கி, குறை களைந்த நிரலை வைப்பது.

அந்தப் பெட்டியின் வழியே செல்பவை

எங்கள் மத்ரஸா இம்மாவட்டத்துச் சிறிய ஊர் ஒன்றில் இருக்கிறது. மாலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பும் நடத்துகிறோம். 12 கணினிகள், அலுவலகக் கணினி ஒன்று, அச்சுப்பொறி ஒன்று. இவை எல்லாம் வந்து கூடும் இடம் அந்தச் சுவிட்ச். அச்சகம் நடத்தும் அன்பர் ஒருவர், தம்மிடத்தில் புதியது வாங்கியபோது பழையதை எங்களுக்கு மனமுவந்து அளித்தார்.

அலுவலகக் கணினியில் நிக்காஹ் பதிவேட்டின் நகல் இருக்கிறது. மாணவர் உதவித்தொகை விண்ணப்பங்கள் இருக்கின்றன. ஜகாத் நிதியிலிருந்து உதவி கேட்டோரின் பட்டியலும் இருக்கிறது. இந்தக் கடைசிப் பட்டியலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வெயில்தான் முதல். அடைமழை பிடித்துக்கொண்டால் உலர்த்தும் வேலை நின்றுபோகும். வேலை நின்றால் வாரக் கூலி நின்றுபோகும். அப்படிப்பட்ட நாட்களில், மஃரிபுக்குப் பிறகு இருட்டிய நேரம் பார்த்து, துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு தாய் அலுவலக வாசலில் வந்து நிற்பார். ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் நீட்டுவார். "நான் வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம் ஹஜ்ரத், மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பார். சிற்றூரில் ஒரு பெயர் எவ்வளவு வேகமாகத் தெருவைச் சுற்றிவரும் என்பது அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அந்தக் காகிதம் ஒரு குடும்பத்தின் மானம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அலுவலக அறைக்குப் பூட்டு உண்டு. கணினிக்குக் கடவுச்சொல் உண்டு. ஆனால் அக்கணினியிலிருந்து செல்வதும் அதற்கு வருவதும் ஒன்று விடாமல் அந்தத் தகரப் பெட்டியைக் கடந்தே ஆக வேண்டும்.

சென்னையில் கணினிப் பிணையங்களைப் பராமரிக்கும் பணியில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். மத்ரஸாவைப் பார்க்க வந்தவர், மடிக்கணினியை அந்தச் சுவிட்சுடன் இணைத்துச் சற்று நேரம் பார்த்தார். உள்ளே இருந்த ஃபர்ம்வேர் 2011ஆம் ஆண்டுக்குரியது. "இடையில் இதைச் செய்தவர்கள் பல முறை திருத்தம் வெளியிட்டிருக்கிறார்கள், ஹஜ்ரத். ஒன்றுகூட இதில் ஏறவில்லை" என்றார்.

நியாயமான ஓர் அச்சம்

செய்தி நிர்வாகக் கமிட்டிக்குப் போனது. கமிட்டியில் மூத்தவர் ஒருவர், 40 ஆண்டுகள் ஆஃப்செட் அச்சு இயந்திரத்தில் வேலை பார்த்தவர். அவர் உடனே மறுத்தார். "ஓடுகிற மிஷினில் கை வைக்கக் கூடாது தம்பி. நின்றுபோனால் யார் ஓட்டுவது?" என்றார்.

அவர் சொன்னதில் அனுபவம் இருந்தது. பழைய இயந்திரத்தைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டி முன்னுக்கு வந்த ஊர் சிவகாசி. தேவையில்லாமல் ஒரு திருகைத் தளர்த்தினாலும் ஒரு நாள் வேலை கெடும் என்பதை அங்குள்ள தொழிலாளி அறிவார். சுவிட்சிலும் அந்த ஆபத்து உண்மையே. புதுப்பித்துக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனாலோ, வேறொரு மாதிரிக்குரிய நிரலைத் தவறி ஏற்றினாலோ, பெட்டி மறுபடி எழாமலே போகலாம். அதற்குப் பிறகு அது வெறும் தகரம்.

பழைய மாணவர் பணிவாக மறுமொழி சொன்னார்: "மிஷின் தேய்ந்தால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும், பெரியத்தா. இந்தப் பெட்டி தேயவில்லை. இதைத் திறக்கிற வித்தையை வெளியில் இருப்பவன் கற்றுக்கொண்டுவிட்டான். அதற்குச் சத்தம் கேட்காது." பிறகு 2018இல் நடந்த ஒன்றை எடுத்துச் சொன்னார். உலகறிந்த நிகழ்ச்சி அது.

சிஸ்கோ நிறுவனத்துச் சுவிட்சுகள் பலவற்றில் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்றொரு வசதி உண்டு. புதிய கருவியைக் கம்பியில் இணைத்தவுடன் தொலைவிலிருந்தே அதற்கு வேண்டிய அமைப்புகளை அனுப்பிவிடலாம். வேலை எளிதாக வேண்டும் என்று செய்ததுதான். ஆனால் அனுப்புபவர் யார் என்று கேட்கும் வழக்கம் அதில் இல்லை. இது தவறாகப் பயன்படுத்தப்படக் கூடும் என்று 2017 பிப்ரவரியிலேயே நிறுவனம் எச்சரித்தது. 2018 மார்ச் 28 அன்று, அவ்வசதியில் கண்டறியப்பட்ட கடுமையான குறை ஒன்றுக்குத் திருத்தமும் வெளியிட்டது. ஒன்பதே நாட்கள் கழித்து, ஏப்ரல் 6 அன்று, இவ்வசதியின் வழியாக எண்ணற்ற சுவிட்சுகள் தாக்கப்பட்டன. அவற்றின் அமைப்புகள் அழிக்கப்பட்டன. அந்த இடத்தில் அமெரிக்கக் கொடியின் உருவமும், தங்கள் தேர்தல்களில் தலையிட வேண்டாம் என்னும் எச்சரிக்கையும் தோன்றின. உலகெங்கும் ஏறத்தாழ 2 லட்சம் சுவிட்சுகளும், ஈரானில் மட்டும் 3,500 சுவிட்சுகளும் இதில் சிக்கியதாக அந்நாட்டுத் தகவல் தொடர்பு அமைச்சகம் அறிவித்தது. திருத்தம் கைக்கு வந்திருந்தும், ஈரானியப் புத்தாண்டு விடுமுறையின் காரணமாகச் சில நிறுவனங்கள் அதை ஏற்றாமல் இருந்துவிட்டன என்றும் அது கூறியது.

இத்துடன் கதை முடியவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2018இல் திருத்தம் வெளிவந்த அதே குறையைக் கொண்டு, ரஷ்ய உளவுத் துறையைச் சார்ந்தோர் இன்னமும் பழைய பிணையக் கருவிகளுக்குள் நுழைகிறார்கள். ஆயிரக்கணக்கான கருவிகளின் அமைப்புக் கோப்புகளைத் திரட்டியிருக்கிறார்கள் என்பது அதன் சாரம். ஏழாண்டுகளுக்கு முன் மூடக் கூடியதாயிருந்த கதவு, அத்தனை இடங்களில் திறந்தே கிடந்திருக்கிறது. அந்த இடங்களிலெல்லாம் விளக்குகள் பச்சையாகவே கண் சிமிட்டிக்கொண்டிருந்திருக்கும். செய்திகள் தடையின்றிச் சென்றுகொண்டிருந்திருக்கும்.

எங்களுடையது வேறொரு நிறுவனத்தின் பெட்டி. உளவுத் துறைகளுக்கு எங்கள் மத்ரஸாவில் வேலையும் இல்லை. ஆயினும் இணையத்தில் கதவு கதவாகத் தட்டிப் பார்க்கும் நிரல்களுக்குப் பெரிய வீடு, சிறிய வீடு என்ற பேதம் கிடையாது. எது திறக்கிறதோ அதில் நுழையும்.

மூத்தவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "சரி, செய்யுங்கள். ஆனால் என் சொற்படி செய்யுங்கள்" என்றார். அவர் விதித்தவை மூன்று. இப்போது இருக்கும் அமைப்பை முதலில் எழுதி வைக்க வேண்டும். மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். வேலை கெட்டால் மறுநாள் வகுப்பு கெடாத நாளாகப் பார்க்க வேண்டும். அச்சகத்தில் பெரிய வேலைக்கு முன் அவர் கடைப்பிடித்த ஒழுங்குகளே இவை. கணினி அறிந்த எங்கள் மாணவரின் திட்டத்திலும் இவையே முதல் மூன்றாக இருந்தன!

புதுப்பித்த விதம்

வெள்ளிக்கிழமை விடுமுறையாதலால் வியாழன் இஷாவுக்குப் பிறகு வேலை தொடங்கியது. முதலில் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டிலிருந்து மாதிரி எண்ணையும் அதன் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டோம். ஒரே பெயரில் இரண்டு மூன்று பதிப்புகள் வெளிவந்திருக்கும். ஒன்றுக்குரியது மற்றொன்றுக்குச் சேராது. அடுத்து, நிரலுடன் வெளியிட்டிருந்த குறிப்பை முழுதும் படித்தோம். மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவ இயலாது, நடுவில் ஒரு படி ஏறிச் செல்ல வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. படிக்காமல் தொடங்கியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

பிறகு அமைப்புக் கோப்பை நகலெடுத்தோம். நிரலைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கினோம். வேறு தளங்களில் எளிதாகக் கிடைக்கும். அதில் யார் என்ன கலந்தார் என்பது யாருக்குத் தெரியும்? இறக்கிய நிரல் பழுதின்றி வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நிறுவனம் அதற்கென்று 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரத்தை வெளியிட்டிருக்கும். நம் கையில் உள்ள நிரலிலிருந்து கணக்கிட்டு வரும் சரமும் அதே போல் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்நிரலை ஏற்றலாகாது. கணினியே ஒப்பிட்டுச் சொல்லும் என்றாலும், நான் திரையைப் பார்த்து நான்கு நான்காக வாசிக்க, மாணவர் தம் தாளில் விரல் வைத்துச் சரிபார்த்தார். ஹிஃப்ழு மாணவர் ஓத, எதிரே அமர்ந்தவர் ஓரெழுத்தும் பிசகாமல் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி எனக்கு நினைவுக்கு வந்தது.

யு.பி.எஸ். முழுமையாக நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு நிரலை ஏற்றினோம். இரண்டு படிகளாக ஏற்ற வேண்டியிருந்ததால் பெட்டி இரு முறை அணைந்து எழுந்தது. ஒவ்வொரு முறையும் எல்லா விளக்குகளும் அவிந்து, பின் ஒன்று மட்டும் மஞ்சளாக நின்றது. நான்கு நிமிடங்கள் இருக்கலாம். மூத்தவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்து அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை வரிசையாக எரியத் தொடங்கியதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்து, "மிஷின் நின்று ஓடுகிற நேரம் எப்போதும் இப்படித்தான்" என்றார்.

அதன் பிறகும் வேலை இருந்தது. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினோம். மறைக்காமல் செய்தி அனுப்பும் பழைய 'டெல்நெட்' வழியை அடைத்தோம். நமக்குத் தேவையில்லாத வசதிகள் ஒவ்வொன்றையும் அணைத்தோம். ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டு இவற்றைச் செய்யாமல் விடுவது, கதவை மாற்றிவிட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

கடைசிப் பதிப்பு

நாங்கள் ஏற்றிய நிரலே அந்த மாதிரிக்கு வெளிவந்த கடைசிப் பதிப்பு. அதன் ஆண்டு 2016. அத்துடன் நிறுவனம் அம்மாதிரிக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. அதாவது, 2011இலிருந்து 2016க்கு வந்திருக்கிறோமே தவிர, இன்றைய நாளுக்கு வரவில்லை. இனி வரவும் இயலாது. 2016க்குப் பின் கண்டறியப்படும் குறைக்கு இப்பெட்டியில் மருந்தில்லை. இதைப் பழைய மாணவர் கமிட்டியில் மறைக்காமல் சொன்னார். வேலை வெற்றியாக முடிந்த மகிழ்ச்சியில் இந்தப் பேச்சு சிலருக்குக் கசந்தது.

அப்போது வழி காட்டியதும் எங்கள் மண்ணின் அனுபவமே. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை தனி, அடைக்கும் அறை தனி, இருப்பு வைக்கும் அறை தனி. நடுவே வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காகவே அந்த இடைவெளி. விதி மீறப்படும்போது என்ன நேரும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் கண்டோம். 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடியவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பெருந்துயரத்துடன் ஒரு தகரப் பெட்டியை ஒப்பிடவில்லை. பிரித்து வைத்தல் என்னும் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அலுவலகத்துக்கென்று எட்டுத் துளைகள் கொண்ட புதிய சிறு சுவிட்ச் ஒன்று வாங்கக் கமிட்டி தொகை ஒதுக்கியது. அலுவலகக் கணினியும் அச்சுப்பொறியும் இப்போது அதில் இருக்கின்றன. பழைய பெட்டி பிள்ளைகளின் கணினிகளுக்கு மட்டும் பணி செய்கிறது. அலுவலகத்துக்கும் அதற்கும் கம்பித் தொடர்பு இல்லை. புதிய பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். வாங்கிய நாள், ஏற்றிய பதிப்பு, அடுத்துப் பார்க்க வேண்டிய மாதம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. அந்தச் சீட்டை எழுதியவர் அச்சகத்து மூத்தவர்.

நம் வீடுகளில்

வீட்டில் சுவிட்ச் இல்லையே என்று எண்ண வேண்டாம். இணையம் வரும் வீடுகளில் எல்லாம் வைஃபை ரௌட்டர் இருக்கிறது. அதற்குள்ளும் ஃபர்ம்வேர் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் மகனுடன் தாய் பேசுவதும், வீட்டுக்குப் பணம் வருவதும், பிள்ளைகள் பாடம் கேட்பதும் அதன் வழியேதான். அதன் அடியில் உள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு இன்னும் திருத்தம் வருகிறதா என்று பாருங்கள். தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். இணைப்பு தந்தவரே ரௌட்டரும் தந்திருந்தால் அவரிடம் கேளுங்கள். வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லே இன்றும் இருந்தால் மாற்றுங்கள். வீட்டில் கல்லூரி செல்லும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை ஒப்படையுங்கள், மகிழ்ச்சியுடன் செய்வார்கள்.

பழையதை விற்கும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும் ஒன்றை மறவாதீர்கள். ஈசெட் என்னும் பாதுகாப்பு நிறுவனம், பயன்படுத்தி விற்கப்பட்ட 18 ரௌட்டர்களை வாங்கிப் பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் பழைய உரிமையாளரின் அந்தரங்க அமைப்புகள் அழிக்கப்படாமல் இருந்தன. ஆகவே உள்ளே இருப்பதை அழித்த பிறகே கைமாற்ற வேண்டும்.

ஒரு பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது, அதைப் பார்த்துக்கொள்ளும் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. இருட்டிய பின் வந்து, மெல்லிய குரலில் பெயர் சொல்லிவிட்டுப் போன அந்தத் தாய்க்குச் சுவிட்ச் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. தெரிந்துகொண்டு கவனிக்க வேண்டியவர்கள், அவர் தந்த காகிதத்தை வாங்கி வைத்த நாம்தாம்.